குழாய்க்கும் குடத்துக்கும் நடுவே காலரா

ஒருவருடைய மலத்தில் இருக்கும் கிருமி இன்னொருவருடைய வாய்க்குப் போய்ச் சேர்வதால் வருவது காலரா. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. ‘விப்ரியோ காலரே’ என்னும் பாக்டீரியா தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ குடலுக்குள் இறங்கினால், சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் தன் வேலையைக் காட்டிவிடும். அது குடலைப் புண்ணாக்குவதில்லை. அது சுரக்கும் நச்சுப்பொருள், உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்து வெளியே தள்ளுகிறது. அரிசி களைந்த தண்ணீரைப் போல வெளுத்த பேதி, பின்னாலேயே வாந்தி. கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பதுண்டு. காலையில் வேலைக்குக் கிளம்பிய ஆள் பொழுது சாய்வதற்குள் கண் குழிந்து, குரல் கம்மி, நாடி தளர்ந்து படுத்துவிடுவது இதனால்தான். சிகிச்சை கிடைக்காவிட்டால் கடும் நோயாளிகளில் பாதிப் பேர் வரை இறக்கக்கூடும். இழந்த நீரையும் உப்பையும் அப்போதைக்கப்போது திருப்பிக் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இத்தனை மலிவான ஒரு கரைசல் உண்டாக்கும் நோய்கள் அதிகம் இல்லை.

கிருமி தொற்றிய பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, அல்லது சாதாரண வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆனால் அவர்களுடைய மலத்திலும் சில நாட்களுக்குக் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் நோயாளியை ஒதுக்கிவைப்பதால் மட்டும் காலராவை நிறுத்த முடியாது. கழிவும் குடிநீரும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தாக வேண்டும். 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் ஜான் ஸ்னோ ஒரு அடிபம்பைச் சுட்டிக்காட்டியபோது அவர் செய்தது இதைத்தான். கிருமியின் நச்சுதான் பேதியை உண்டாக்குகிறது என்பதை 1959-இல் கல்கத்தாவில் முயலின் குடலில் நிரூபித்தவர் சம்புநாத் டே. இந்த நோயைப் பற்றிய அறிவில் நம் நாட்டின் பங்கு பெரிது. துரதிர்ஷ்டவசமாக, நோயிலும் அப்படியே.

சென்னைக்கும் அந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ‘ஓ1’ என்ற வகையைச் சேர்ந்தது. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையிலும் மதுரை, வேலூர்ப் பக்கங்களிலும் காலராவைப் போலவே தாக்கிய, ஆனால் ‘ஓ1’ சோதனைக்குப் பிடிபடாத ஒரு கிருமி கிடைத்தது. அதற்கு ‘ஓ139’ என்று எண் கொடுத்தார்கள். பழைய வகைக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவி ஆசியாவின் பல நாடுகளுக்கும் போனது. எட்டாவது உலகப் பரவல் தொடங்கிவிட்டதோ என்று விஞ்ஞானிகள் அஞ்சினார்கள். பிறகு அது தானாகவே அடங்கியது. 1961-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது பரவல் மட்டும் இன்னும் முடியவில்லை.

இந்தப் பின்னணியோடு சென்னையின் மேற்குப் புறநகரைப் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி வட்டத்தில், கூவத்தின் கரையில் உள்ளது திருவேற்காடு நகராட்சி. 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை 60,000-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு எழும்பிய அடுக்குமாடிகள் அந்தக் கணக்கில் இல்லை. வயலும் ஏரியுமாக இருந்த ஊர், அம்பத்தூர் தொழிற்பேட்டையும் புறவழிச்சாலையும் வந்த பிறகு மளமளவென்று நகரமானது. வீடுகள் முதலில் வந்தன. குழாயும் சாக்கடையும் பின்னால் வந்தன, பல தெருக்களில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. சில கிலோமீட்டர் தள்ளி செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அது சென்னை மாநகரின் தாகத்துக்காகக் கட்டப்பட்டது. புறநகர் வீடுகள் ஆழ்துளைக் கிணறு, நகராட்சிக் குழாய், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று நான்கையும் கலந்து சமாளிக்கின்றன.

ஆபத்து அந்தக் கலவையில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு வீட்டின் முன்புறத்தை நினைத்துப் பார்க்கலாம். வாசலுக்குக் கீழே தண்ணீர் சேமிக்கும் சம்ப். அதன் மூடி தரைமட்டத்தில், ஓரம் உடைந்து. பக்கவாட்டுச் சந்தில் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே மனை அனுமதிக்கிற இடைவெளி சில அடிகள்தான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது செப்டிக் டேங்க்கில் இருப்பது மண்ணுக்குள்ளேயே நகர்கிறது. தெருவில் தண்ணீர் அழுத்தம் குறைவு என்பதால் குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் தேங்கும் நீர், விநியோகம் நின்றதும் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகும். பக்கத்து வீட்டில் குடிநீர் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் உள்ள இடத்தில் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். இடைவெளி விட்டு வரும் தண்ணீரின் அடிப்படைக் கோளாறு இது. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் ஒவ்வொரு விரிசலும் ஒரு நுழைவாயில்.

இவையெல்லாம் வெறும் ஊகம் அல்ல என்பதற்கு அண்மைய நிகழ்வுகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் காரைக்காலில் நூற்றுக்கணக்கானோர் வாந்திபேதியால் பாதிக்கப்பட்டு, சிலருக்குக் காலரா உறுதியானதும், புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாய்க் கசிவுகளைத் தேடும் வேலை தொடங்கியது. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று குடியிருப்போர் கூற, அரசுத் தரப்பு அதை உடனே ஏற்கவில்லை. இந்த இரண்டில், நோயின் பெயரைத் துணிந்து வெளியே சொன்ன காரைக்கால் அணுகுமுறைதான் மேலானது. ‘காலரா’ என்ற சொல் ஊருக்கு அவப்பெயர் என்று தயங்கி ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதிக்கொள்வது நிர்வாகங்களின் பழைய பழக்கம். பெயர் தெரியாத ஆபத்துக்கு மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

திருவேற்காட்டுக்கு இன்னும் அருகே நடந்தது 2021 டிசம்பர் நிகழ்ச்சி. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லியை ஒட்டிய விடுதியில் 250-க்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சானதால் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது காலரா அல்ல. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது சுகாதார அறிவு பற்றிய பாடம். உடன் தங்கியிருந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று நம்பத்தக்க ஒருவர் சொல்லாத நிலையில், சிலர் இறந்துவிட்டதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியது. பெண்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். தகவல் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. வதந்தியைக் கண்டித்த அளவுக்குத் தகவல் தராதவர்களை யாரும் கண்டிக்கவில்லை.

ஆபத்துக்கு அருகில் இருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. ஆற்றோரக் குடிசைகளில் இருப்பவர்கள் முதலில். அடுத்து, ஒரே கழிப்பறையைப் பலர் பகிரும் விடுதிகளிலும் கட்டட வேலைத் தளங்களின் தகரக் கொட்டகைகளிலும் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து போகிறார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பீகார், வங்கத் தொழிலாளர்கள் ஏராளம். ‘காய்ச்சி வடிகட்டிய நீரையே பருகுவீர்’ என்று சுவரில் எழுதியிருக்கும் தமிழ் அவர்களுக்குச் சித்திரம்தான். தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கும் அந்த வாக்கியம் வேலை செய்வதில்லை என்பது தனிக் கதை. சிலிண்டர் விலையைக் கணக்குப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கும் வீட்டில், ஐந்து பேருக்கான குடிநீரைத் தினமும் காய்ச்சு என்று சொல்வது அறிவுரையாகக் கேட்காது, பணக்காரர் பேச்சாகத்தான் கேட்கும்.

அதனால் சுகாதார அறிவு என்பதை அறிவிப்புப் பலகையின் அளவிலிருந்து மீட்டு, கையால் செய்யத் தெரிந்த திறமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குச் சிறந்த முன்னுதாரணம் வங்கதேசத்தில் இருக்கிறது. வாய்வழி நீரேற்றுக் கரைசல் உயிர் காக்கும் என்பது 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்கான் அகதி முகாமில் கண்ணெதிரே தெரிந்தது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் முகாமில் நிரூபணமானதை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது வேறு வேலை. அதை 1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தில் ‘பிராக்’ தொண்டு அமைப்பு செய்தது. அதன் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் வாசற்படி ஏறி, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களைக் கலக்கச் செய்து காட்டினார்கள்.

அந்தத் திட்டத்தின் சூட்சுமம் சம்பளத்தில் இருந்தது. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அதே ஊருக்குப் போய், சில தாய்மார்களைக் கரைசல் கலக்கச் சொல்லி, சொல்லிக்கொடுத்த குறிப்புகளைக் கேட்பார். கலக்கிய கரைசலின் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். அவர்களுக்கு நினைவிருந்த அளவுக்குத்தான் கற்பித்தவருக்கு ஊதியம். எத்தனை வீடு ஏறினாய் என்பது கணக்கில் இல்லை. இதற்குப் பிறகும் பலர் தெரிந்துகொண்டதைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது, ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லாததும், வீட்டு ஆண்களிடம் யாரும் பேசாததும் காரணங்களாக வெளிப்பட்டன. இரண்டையும் சரிசெய்தார்கள். இங்கே வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம்களில் எத்தனை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் விநியோகித்தோம் என்ற எண்ணிக்கை தவறாமல் வெளிவருகிறது. எத்தனை வீடுகளில் அதைச் சரியாகக் கலக்கத் தெரிகிறது என்ற எண்ணிக்கை வெளிவருவதில்லை.

கலக்கத் தெரிவது சாதாரண விஷயம் அல்ல. 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் போட்டு மீதியை மடித்துவைத்தால் உப்பின் அளவு தாறுமாறாகி, குழந்தைக்கு நன்மைக்குப் பதில் தீங்கு வரும். பாக்கெட் இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரைவிட அதிகம் கரிக்கக் கூடாது என்பது பழைய செவிலியர்களின் அளவுகோல். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்ல துணை. அரிசியை அடிப்படையாகக் கொண்ட கரைசல் காலராவில் நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக மறுபடி கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பேதியாகும்போது வயிற்றைக் காயப்போட வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. ‘டிரிப்ஸ் போட்டால்தான் தெம்பு வரும்’ என்ற நம்பிக்கை அதைவிடப் பலம். நாடி விழுந்தவருக்கும் குடிக்க முடியாதவருக்கும் டிரிப்ஸ் உயிர் காக்கும் என்பது உண்மைதான். மற்றவர்களுக்கு வாயே போதும்.

மருந்துக்கடை அலமாரியும் இந்த அறிவைக் குழப்பியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத சர்க்கரைப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெட்டியில் போட்டுப் பல ஆண்டுகள் விற்றன. பேதிக் குழந்தைக்கு மிகையான சர்க்கரை கொடுத்தால் பேதி கூடும். ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. படித்த பெற்றோரும் அந்தப் பெட்டிகளை நம்பித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோய் வந்த பின் செய்வது இது. வராமல் தடுக்க மலிவான ஆயுதம் குளோரின். வீட்டுக் குழாயில் வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் 0.5. மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம் போதும்; கலந்து அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ‘தரமான’ என்ற சொல்தான் இங்கே சிக்கல். புதிதாக இருக்கும்போது அந்தப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். மூட்டையைத் திறந்து ஈரக் கொட்டகையில் போட்டால் சில வாரங்களில் சுண்ணாம்புதான் மிஞ்சும். சாக்கடை ஓரமாக வெள்ளைக் கோடு இழுப்பதும் அந்தச் சுண்ணாம்பால்தான். அது அதிகாரிகள் வருகைக்கான அலங்காரம், காலராவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டியில் சில சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவிக்கு ஒரு பாடவேளையில் கற்றுக்கொடுக்கக்கூடிய வேலை. பரவல் ஏதும் இல்லாத மாதங்களிலும் தெருக்கோடிக் குழாயில் இந்தச் சோதனை நடந்து, முடிவு நகராட்சி வாசலில் ஒட்டப்பட்டால், மக்கள் ‘தண்ணி சரியில்ல’ என்று பொதுவாக முறையிடுவதை விட்டு ‘எங்க தெருவில் இன்று குளோரின் பூஜ்யம்’ என்று முறையிடத் தொடங்குவார்கள். பின்னதை எந்த அலுவலரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கேன் தண்ணீரை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 நவம்பரில் புட்டிக் குடிநீரை ‘அதிக இடருள்ள’ உணவு வகையில் மத்திய அரசு சேர்த்தது. முறையாகச் சுத்திகரித்த கேனிலும் மிச்சக் குளோரின் இருப்பதில்லை. ஆகவே திறந்த பிறகு அதற்குத் தற்காப்பு கிடையாது. அதை அழுக்குக் குடத்தில் ஊற்றி, செம்பை விரலோடு முக்கி எடுத்தால், கேனுக்குக் கொடுத்த காசு வீண். நீண்ட கைப்பிடி உள்ள அகப்பை, அல்லது குழாய் வைத்த எவர்சில்வர் டிரம், இந்த ஒரு மாற்றம் வீட்டுக்குள் நடக்கும் மாசில் பெரும்பகுதியைத் தடுக்கும். வங்கதேசத்தின் மத்லபில் ரீட்டா கால்வெல் குழுவினர் பழைய புடவையை நான்கு முதல் எட்டு மடிப்பாக மடித்து ஆற்று நீரை வடிகட்டச் செய்தபோது காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கிருமி ஒட்டிக்கொண்டிருந்த நுண்ணுயிர்கள் துணியில் சிக்கியதே காரணம். குளங்களும் ஆறுகளும் குடிநீரான ஊருக்கு அது பொருந்தும். சாக்கடை கலந்த குழாய் நீருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அதில் கிருமி தனியாகவே மிதந்து வரும்.

திருவேற்காட்டுக்கே உரிய இன்னொரு சூழல் ஆடி மாதம். கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகம் எங்கிருந்தும் கூட்டம் வருகிறது. கூழ், மோர், பானகம், அன்னதானம் என்று தெருவெங்கும் கொடை. சூதாடியாவது அடியார்களுக்குச் சோறிட்ட மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது. இங்கே அன்னதானத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, வரவும் வேண்டாம். ஆனால் முதல்நாள் இரவு காய்ச்சி ஆறவைத்த கூழில் மறுநாள் காலை தண்ணீரும் மோரும் சேர்த்துக் கரைக்கும்போது, கொதித்ததன் பலன் அந்தத் தண்ணீரின் தரத்தைப் பொறுத்தே நிற்கிறது. பானகத்துக்குப் போடும் ஐஸ் மீனுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். கூழ் புளித்திருந்தால் அந்தப் புளிப்பு காலராக் கிருமிக்கு ஓரளவு எதிரிதான். பானகத்துக்கும் சாதாரணச் சோற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பந்தல் போடும் மன்றங்களுக்கு நகராட்சி குளோரின் மாத்திரையும் அரைமணி நேரப் பயிற்சியும் கொடுத்தால், ஊரில் மிகுந்த மதிப்புள்ளவர்கள் வழியாகவே அந்த அறிவு பரவும். கைகழுவச் சோப்பு வைத்த தொட்டியைப் பந்தலுக்கு வெளியே வைக்கும் செலவு, ஒலிபெருக்கி வாடகையைவிடக் குறைவு.

இதற்கான ஆட்கள் புதிதாக வேண்டியதில்லை. 1939-இலேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. நாட்டில் அதுவே முதல். சுகாதார ஆய்வாளர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் பக்கத்துப் பூந்தமல்லியில் இருக்கிறது. டெங்குவுக்காகக் கொசுப்புழு தேடி ஒவ்வொரு வீட்டின் தொட்டியையும் எட்டிப் பார்க்கும் ஒப்பந்தப் பணியாளர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக வீட்டுக்குள் வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பவர் இந்தப் பணியாளர். அவர் கையில் குளோரோஸ்கோப்பையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் கொடுத்து, கலக்கிக் காட்டச் சொல்லி, பிராக் பாணியில் ஒரு மாதம் கழித்துச் சரிபார்த்தால் செலவு சொற்பம். அந்தப் பணியாளருக்கு நாள்கூலியை ஒழுங்காகத் தருவது அதற்கு முந்தைய நிபந்தனை. இந்தி, ஒடியா, வங்க மொழி பேசும் தொழிலாளர்களிடமிருந்தே சிலரை அந்த வேலைக்கு எடுப்பது அடுத்தது.

வாய்வழித் தடுப்பூசியும் உண்டு. இரண்டு தவணை போட்டால் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அண்மைய ஆண்டுகளில் உலக அளவில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் பரவல் நடந்த இடங்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது. குழாய் விரிசலுக்கு அது மாற்று ஆகாது.

கடைசியாக, தகவல் சொல்வது. சிறு குழந்தைகளுக்குப் பேதி வர ரோட்டா வைரஸ் முதல் பல காரணங்கள் உண்டு. ஒரே தெருவில் இரண்டு மூன்று பெரியவர்களுக்கு ஓரிரு நாட்களுக்குள் தண்ணீராகப் பேதியாகி, நிற்க முடியாத அளவுக்குத் தளர்ச்சி வந்தால் அது காலராவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நோயாளிக்குக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கும் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். தனியார் கிளினிக் மருத்துவர்களுக்கும் இது கடமை, ஏனென்றால் புறநகரில் முதல் நோயாளி அவர்களிடம்தான் போகிறார். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் மல மாதிரி எடுத்தால்தான் கிருமி பிடிபடும். தண்ணீர் மாதிரியைக் குளோரின் கூட்டுவதற்கு முன் எடுக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: புகார் வந்ததும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, மறுநாள் மாதிரி எடுத்து, ‘கிருமி இல்லை’ என்று அறிக்கை தருகிறார்கள். அந்த அறிக்கை மறுநாளைய தண்ணீரைப் பற்றியது. தெரு குடித்தது முந்தைய நாளின் தண்ணீரை.